மொழி தெரியாத கூச்சல்

செவன் கிங்ஸ்
12.01.2025

அன்பு குறையாத கல்யாணிக்கு,

நாலு தரம் ரெலிபோன் எடுத்துவிட்டேன், நீர் எடுக்கவில்லை. கடிதம் என்றால் உறையைக் கிழித்தாவது பார்ப்பீர் என்று எழுதுகிறேன். இவ்வளவு எடுப்பும் திமிருமா உமக்கு என்று சண்டை பிடிக்கத்தான் ஆசை. முதலில் சுகம் கேட்கிறேன். உம்முடைய மகன் றமணனின் தலையிடி குறைந்திருக்கிறதா? வெளிச்சத்தில் இருக்க ஏலுமா?

வழக்குத்தான் இணக்கத்தில் முடிந்துவிட்டதே. என் மகன் லக்‌ஷனின் கழகத்துக் காப்புறுதி நட்டஈடு கொடுக்கிறது. ஒருவர்மேலும் குற்றம் இல்லை என்று எழுதி இரண்டு பிள்ளைகளும் கையெழுத்தும் வைத்துவிட்டார்கள். பிறகென்ன? ஐஸ் ஹொக்கியைத் தொழிலாக எடுத்தால் இடிபடுவதும் விழுவதும் சம்பளத்தோடு வருகிறதுதானே. றமணனை இடித்து விழுத்தினதற்காக லக்‌ஷனையும் பத்து ஆட்டம் வெளியே வைத்தார்கள்.

இப்போது எதிரெதிர்க் கழகம் என்றாலும், இந்த நாட்டுக்கு வருமுன் சுவிஸில் ஒரே அணியில் விளையாடின பிள்ளைகள். நாங்கள் இருவரும் பார்வையாளர் வரிசையில் ஒரே போர்வைக்குள் இருந்து, பக்கத்தில் ஒருத்தருக்கும் விளங்காது என்ற துணிச்சலில் நடுவரைத் தமிழில் திட்டித் தீர்த்த ஆட்கள். ஒரு அடியோடு அதெல்லாம் இல்லையென்று ஆகுமா?

ஞாயிற்றுக்கிழமை ஹரோவுக்கு வரட்டுமா? நண்டுக்குழம்பு வைத்துக் கொண்டு வருவேன். வேண்டாம் என்று சொல்லாதேயும்.

உம்மை விட மனமில்லாத,
கமலேஸ்வரி


ஹரோ
21.01.2025

கமலேசுக்கு,

ரெலிபோன் அடித்தால் றமணன் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறான். அதனால் அணைத்து வைத்திருக்கிறேன். எடுப்பு ஒன்றும் இல்லை.

உமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த அடியின் வீடியோவை எங்கள் சட்டத்தரணி எனக்குப் போட்டுக் காட்டினார். உங்கள் கழகத்துப் பக்கம் இருந்த யாரோ எடுத்தது. லக்‌ஷன் பாய்வதற்குச் சற்று முன் ஒரு பெண்குரல் கேட்கிறது. "விடாதை! விழுத்தடா அவனை!" அதைப் பார்வையாளர் கூச்சல், மொழி தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் குறித்திருந்தார்கள்.

இது உங்கள் மொழியா என்று சட்டத்தரணி கேட்டார். இல்லை, எனக்கு விளங்கவில்லை என்றேன்.

ஓம், விழுத்தச் சொல்கிற குரல் என்றிருந்தால், லக்‌ஷன் வேண்டுமென்றே அடித்தான் என்று வழக்கு மாறியிருக்கும். அவனுடைய தொழிலே போயிருக்கும். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. சனிக்கிழமை தோறும் முப்பது பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிற நான், பெற்ற மகனுக்கு எதிராக, தமிழ் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கத்தில் மூன்று கிழமை வகுப்புக்குப் போகவில்லை.

அன்றிலிருந்து எட்டு மாதம், நீராகவே வந்து சொல்வீர் என்று பார்த்திருந்தேன். குழம்பு வேண்டாம்.

கல்யாணி


செவன் கிங்ஸ்
01.02.2025

கல்யாணி,

என் குரல்தான்.

இந்த இரண்டு சொல்லை எழுத ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. ஆள் யாரென்று தெரியாமல் கத்திவிட்டேன் என்று முதலில் எழுதினேன். பிறகு அதைக் கிழித்துப் போட்டேன். தெரியும். றமணனின் முதுகில் பெயர் பெரிதாகத்தானே எழுதியிருந்தது. லக்‌ஷனிடமிருந்து இரண்டு தரம் ஹொக்கி வட்டைப் பறித்தான், பின்வரிசையில் இருந்தவர்கள் என் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் உம்முடைய பிள்ளை எனக்கு யாரோ ஒருவன்.

அவன் விழுந்தபோது நான் கைதட்டினேன், கல்யாணி. அவன் எழும்பவில்லை என்று கண்ட பிறகும் என் கை உடனே நிற்கவில்லை. வீடியோவில் அது இருக்காது. உமக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

லக்‌ஷனிடம் கேட்டேன். "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அம்மா" என்கிறான். என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான்.

உம்மைப் பொய் சொல்ல வைத்துவிட்டு, ஒருவர்மேலும் குற்றம் இல்லை என்று உமக்கே எழுதினேனே. என்னைப் போல வெட்கம் கெட்டவள் இருப்பாளா? நீர் ஒரு சொல் சொன்னால் நாளைக்கே சட்டத்தரணியிடம் போய் என் குரல் என்று சொல்கிறேன். லக்‌ஷனுக்கு வருவது வரட்டும்.

உமக்கு முகம் காட்டத் துணிவில்லாத,
கமலேஸ்


ஹரோ
10.02.2025

கமலேஸ்,

சட்டத்தரணியிடம் போக வேண்டாம். இன்னொரு தரம் ஒருவருக்கும் பதில் சொல்ல ஏலாது என்கிறான் றமணன். கேள்வி கேட்டாலே அவனுக்கு வாந்தி வருகிறது.

அவனால் இப்போது எழுத்து வாசிக்க முடியாது. உமது கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். வாசித்து முடிந்ததும் சொன்னான்: "எனக்கு அண்டைக்கே கேட்டது அம்மா. கமலேஸ் அன்ரி வந்திருக்கிறா எண்டுதான் திரும்பிப் பார்த்தனான்."

திரும்பியிராவிட்டால் அடி தலையில் அல்ல, தோளில் பட்டிருக்கும்.

உம்மில் கோபம் இல்லை என்று எழுதச் சொன்னான். எழுதிவிட்டேன். எனக்கு இருக்கிறது. இனி எழுத வேண்டாம்.

கல்யாணி