கால் பக்க வாழ்த்து

மொன்றியல்
ஐப்பசி, சனிக்கிழமை

அன்பு மகள் சிவாஜினிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் இங்கிலாந்தில் லிங்கனில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். போனில் கேட்டிருக்கலாம், நீ எடுக்கிறாய் இல்லை, அதனால் பேனை எடுத்தேன். தபால்காரர்கள் மறுபடி வேலைநிறுத்தத்தில் இறங்காவிட்டால் இது உன் கைக்கு வரும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கர்க்லாண்ட் வீட்டு முன்பக்கம் முழுக்க மேப்பிள் இலை குவிந்து கிடக்கிறது, அள்ள மனம் வரவில்லை, பக்கத்து வீட்டு மனுசி இரண்டு தரம் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஆனால் எங்கள் பலசரக்குக் கடைக்கு வருவதை நிறுத்தமாட்டாள். கடைக்கு எதிரே இருந்த தெப்பனரை, அந்தச் சின்ன மூலைக்கடையை, விற்றுவிட்டார்கள், அங்கே நகம் பூசுகிற கடை வரப்போகிறதாம். எங்களுக்கு நட்டமில்லை, இனிப் பாலும் முட்டையும் எங்களிடம்தான் வாங்குவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதத் தமிழ்ப் பத்திரிகையில் உனக்கும் பிரசாந்துக்கும் ஐந்தாவது திருமணநாள் வாழ்த்து கால் பக்கத்தில் வந்ததை யாரோ படமெடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். "அப்பா, இது என்ன?" என்று ஒரு வரி எழுதினாய், பிறகு சத்தமில்லை. என்ன என்று சொல்கிறேன். உருத்திரமூர்த்தியின் பத்திரிகைக்குக் கடை விளம்பரம் வருஷக் கணக்கில் கொடுக்கிறோம், அதோடு வீட்டு அறிவித்தல்களும் சேர்ந்து போகும், உன் அப்பப்பாவின் நினைவஞ்சலி, எங்கள் பொங்கல் வாழ்த்து, உன் கலியாணத்துக்குப் பிறகு உங்கள் திருமணநாளும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. அங்கே பக்கம் வடிவமைக்கிற பிள்ளை யோசெப்பின் எனக்குப் போன் எடுத்து, "அண்ணை, வழமையானதுகளைப் போடவோ" என்று கேட்டாள். நான் லொறியிலிருந்து அரிசி இறக்கிக்கொண்டு நின்றேன், "ஓம், போடு" என்றேன். என் தலைக்குள் இருந்தது தீபாவளி மலிவு விற்பனை மட்டும்தான். அவள் பழைய பக்கத்தை எடுத்து நான்காவதை ஐந்தாவது ஆக்கி, தன் அன்பளிப்பாக மூலைக்கொரு ரோசாப்பூவும் வைத்துவிட்டாள். உங்கள் விவாகரத்து சித்திரையிலேயே முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், யோசெப்பினுக்கு எப்படித் தெரியும், நாங்கள்தானே ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. அவளில் பிழையில்லை. இது நடந்த விதம் இதுதான், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை.

பத்திரிகை கடைவாசலில்தான் அடுக்கி வைத்திருக்கும் என்று உனக்குத் தெரியும். வந்த அன்றைக்கே வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அருமைநாதன் மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இரவி, சனம் என்னவெல்லாமோ கதைச்சுது, நான் நம்பேல்லை, இப்ப பாத்தியே, எல்லாருக்கும் வாய் அடைச்சுப்போச்சு" என்றார். "நன்றி மாஸ்டர்" என்றேன். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் வாழ்த்து, ஒரு மனுசி பேரப்பிள்ளை எப்போது என்றும் கேட்டார். அம்மா ஒவ்வொருவருக்கும் ஓம் ஓம் என்று சொல்லிச் சாமானை மெஷினில் காட்டிக்கொண்டே இருந்தாள். பின்னேரம் லாசாலிலிருந்து பிரசாந்தின் பெரியம்மா வந்தார், பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. "என்ன தம்பி, எங்கட பெடியன் அங்க லண்டனில வேற இடத்தில பேசிக் கலியாணத்துக்கு நாள் பாக்கிறான், நீங்கள் இஞ்ச அவனைப் பூவுக்க வச்சு வாழ்த்திறியள், இன்னும் விட மனமில்லையோ" என்று கடைக்குள் நின்ற எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நான் அவர் கேட்ட அறக்குளா மீனைத் தராசில் வைத்துவிட்டு, "அக்கா, வால் பக்கம் வெட்டவோ, நடுத்துண்டு வெட்டவோ" என்று கேட்டேன். நடுத்துண்டு என்றார். வெட்டிக் கொடுத்தேன். அப்படித்தான் ஊருக்குத் தெரியவந்தது பிள்ளை, கறி மீனோடு.

கோபம் வந்ததா என்று நீ கேட்பாய். வரவில்லை. குளிர் அறைக்குள் கையுறை இல்லாமல் நெடுநேரம் பெட்டி அடுக்கினால் விரல் என்னுடையதுதானா என்று தெரியாமல் போகும், அந்த மாதிரி இருக்கிறது. சித்திரையில் நீ போனில் சொன்ன நாளிலிருந்து இப்படித்தான். அதிகாலையில் மரக்கறிச் சந்தைக்குப் போகிறேன், விலை பேசுகிறேன், ஏமாறுவதுமில்லை, சாப்பாடும் இறங்குகிறது. ருசி கேட்டால் சொல்லத் தெரியாது. அம்மாவும் அப்படித்தான், அவள் சமைக்கிற கறியில் இரண்டு தரம் உப்பே இல்லை, நாங்கள் இருவரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கண்டோம்.

நீ வேலை செய்கிற பழைய பத்திரிகைக் காப்பகத்திலிருந்து எனக்கு அனுப்பிய பத்திரிகைத் துண்டுகளை எல்லாம் போனில் திரும்ப எடுத்துப் பார்த்தேன். விக்டோரியா மகாராணி காலத்து உள்ளூர்ப் பத்திரிகை என்றால் பெரிய பெரிய விஷயமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். பார்த்தால் சந்தைக்குக் கொண்டுபோன பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு அப்புக்காத்து வக்கீலின் விறாந்தையில் ஏறியது, தேவாலயத்தில் குடை மாறிக் கொண்டுபோன சீமாட்டியின் பெயர் எங்களுக்குத் தெரியும், மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கவும் என்று ஓர் அறிவித்தல், நடனத்துக்கு யார் மகள் எந்த நிறச் சட்டை, யார் கடற்கரைக்குப் போய் வந்தார். எங்கள் பத்திரிகையில் யார் பிள்ளையின் அரங்கேற்றம், யார் ஊருக்குப் போய்த் திரும்பினார் என்று வருகிற அதே கதைதான். கடைவாசலில் வைத்தால் அதுவும் ஒரு நாளில் முடிந்திருக்கும். போன வாரம் அறிவித்த இன்னாரின் கலியாணம் உண்மையில் நடக்கவில்லை, தெரிவிக்கும்படி கேட்கப்பட்டோம் என்று ஒன்றும் இருந்தது, அதை இப்போது வாசிக்கையில் சிரிப்பு வரவில்லை. மாசியில் நீ அனுப்பிய ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. இன்ன துணிக்கடைக்காரரின் மகள் திருமதி இன்னார் தகப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார், திங்கள் முதல் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பார். இரண்டே வரி. அதன் கீழே நீ ஒன்றும் எழுதவில்லை. நான் போனில் பெருவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். அதுவும் வெறும் செய்தித்துண்டு என்றுதான் அப்போது நினைத்தேன் பிள்ளை.

இனி அடுத்த பத்திரிகை. உருத்திரமூர்த்தி நல்ல மனுசன், அவரே கடைக்கு வந்து, "அண்ணை, தவறுதலா வந்திட்டுது, வருந்துறம் எண்டு ஒரு திருத்தம் போடுறன், காசு வேண்டாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் மாம்பழம் அழுகவில்லை என்று நான் கடைவாசலில் எழுதிப்போட்டால் சனம் என்ன நினைக்கும். திருத்தம் போட்டால் வாழ்த்தைக் காணாதவனும் பழைய பேப்பரைத் தேடி எடுப்பான். அதே பக்கத்தில் அதே இடத்தில் உன்னுடைய படத்தை மட்டும் போடலாம் என்பது என் யோசனை. யோசெப்பின் உங்கள் கலியாணப் படத்திலிருந்து உன்னை வெட்டி எடுத்துக் காட்டினாள். நன்றாகத்தான் எடுத்தாள், ஆனால் உன் தோளில் அவனுடைய கை மிச்சம் நிற்கிறது. அதையும் அழிக்கலாம் அண்ணை, அழித்தால் தோள் பக்கம் சேலை கொஞ்சம் மங்கும் என்றாள். விடு பிள்ளை என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் தேடினோம், கலியாணத்துக்குப் பிறகு நீ தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

அம்மா இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்களும் உருத்திரமூர்த்தியும் பத்திரிகையைப் பற்றியே கதைக்கிறியள், பிள்ளையிட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களே" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. அதனால் கேட்கிறேன். கீழே எழுதுவதை வாசி.

"கர்க்லாண்டைச் சேர்ந்த இரவிச்சந்திரன் – குணேஸ்வரி தம்பதியரின் மகள் சிவாஜினி இங்கிலாந்தில் பழைய பத்திரிகைகளைப் பேணும் பணியில் இருக்கிறார். மார்கழி விடுமுறைக்குத் தாய் தகப்பன் வீட்டுக்கு வருகிறார்."

இவ்வளவுதான். பூவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்றால் சொல், எடுத்துவிடலாம். ஒன்றுமே போடாதே என்றாலும் சரி, அந்த இடத்தில் அரிசி விளம்பரம் போகும், எனக்கு நட்டமில்லை. ஆனால் முதலாவது வரி எனக்குத் தெரிந்தது, இரண்டாவது வரி எனக்குத் தெரியாது. போன முறை கேட்காமல் ஓம் என்று சொன்னேன். இந்த முறை நீ ஓம் என்று சொன்னால்தான் போடச் சொல்லுவேன் என்று யோசெப்பினிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள்.

தனியாக இருக்கிறாய் என்று பாணைக் கடித்துவிட்டுப் படுக்காதே, ஒரு சுண்டு அரிசி போட்டுச் சோறாக்கு. ஹீட்டருக்குக் கஞ்சத்தனம் பார்க்காதே. வீட்டுக்காரன் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கக் கேட்டால் உடனே கையெழுத்து வைக்காமல் எனக்கு அனுப்பு. அம்மா இடித்த மிளகாய்த்தூள் வேறு பார்சலில் வருகிறது, வந்தவுடன் குளிர்ப்பெட்டியில் வை, வெளியே வைத்தால் நிறம் போய்விடும். நீ எங்கே இருந்தாலும் யாரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அம்பாள் உனக்குத் துணை நிற்கவேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு உண்டு.

படம் ஒன்று அனுப்பு, போனில் எடுத்தது போதும், வேலையிடத்தில் நின்று எடுத்தாலும் சரி. உன் தோளில் ஒருவருடைய கையும் இருக்கக்கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா
க. இரவிச்சந்திரன்