முள்நாறிப் பழம் கோட்டைக்குள் புகுந்த செய்தி

மழை பொய்யாது பெய்க. மக்கள் நலிவின்றி வாழ்க. முந்நீர் சூழ்ந்த முத்தலைத் தீவின் காவலர், கலம் ஆயிரம் உடைய கோமான், திரையவர்மப் பெருமானடிகள் திருமுன்பு, பனிவரை நாட்டு மன்னர் நெடுங்குன்றக்கோன் திருவாய் மலர்ந்தருளியபடி, பேரமைச்சன் நல்லிறையன் வணங்கி எழுதுவித்த ஓலை.

முதற்கண் பெருமானடிகள் ஆறுதல் கொள்க. தங்கள் திருமகளார், எங்கள் இளையராணி பவளநாச்சியார், உயிர் தேறினார். வயிற்றுக் கருவும் நலமே. சென்ற திங்கள் யாம் விடுத்த ஓலை தங்கள் உறக்கத்தைக் கெடுத்திருக்கும் என்பதால், வழிதோறும் குதிரை மாற்றி விரையும் ஆளிடம் இதனைக் கொடுத்தனுப்புகிறோம். நடந்தது இது.

மசக்கை தொடங்கிய நாள்முதல் நாச்சியார் உண்டதெதுவும் உள்ளே தங்கவில்லை. மருத்துவர் கைவிட்டனர். அவர் வேண்டியது முள்நாறிப் பழம் ஒன்றே. அப்பெயரை இம்மலைநாட்டில் எவரும் கேட்டதில்லை ஆதலால், காய்ச்சலில் பிதற்றுகிறார் என்றே எண்ணினோம். அறிந்தவர், நாச்சியாருடன் தாங்கள் அனுப்பிய தூதர் வெண்பூதனார் ஒருவரே. அது விளையும் காடு கடலுக்கு அப்பால் என்பதையும் அவர் அறிவார். ஆயினும் வாளாவிருக்க மாட்டாமல் சந்தை சந்தையாகப் பத்து நாள் அலைந்தார். பதினோராம் நாள், கணவாயடிச் சந்தையில் குதிரையைவிட்டு இறங்குமுன்னே, கண் காணாததை மூக்கு கண்டது. குதிரைமேல் இருந்தபடியே அழுதுவிட்டதாக அவரே எம்மிடம் கூறினார்.

நாற்றம் வந்த வழியே போனால், சந்தைக்கு வெளியே பள்ளத்தருகில் நாகங்கண்டன் என்னும் தென்கடல் வணிகன் தனியே அமர்ந்திருந்தான். வைக்கோலிலும் மலைப்பனியிலும் பொதிந்து அவன் கொணர்ந்த மூன்று பழங்களில் இரண்டு அழுகிவிட்டன. எஞ்சியதைத் தூதர் கேட்டதும், "எடுத்துக்கொண்டு போங்கள், ஐயா. இதனால் என்னை நாலு ஊரில் துரத்திவிட்டார்கள்" என்றான்.

கோட்டை வாயிலிலோ பிணநாற்றம் என்று காவலர் வழிமறித்தனர். நஞ்சென்றார் தலைமை மருத்துவர். தூதரின் கை வாளுக்குப் போனது. காவலரின் வேல்களும் அவர் மார்பை நோக்கித் தாழ்ந்தன. அந்நேரம் எங்கள் மன்னரின் அன்னையார், பெருந்தேவி அருஞ்சுடரார், படியிறங்கி வந்தார். மறைப்பானேன்? தென்னாட்டுப் பெண்ணுக்குப் பிடிவாதம் மிகுதி என்று இரு திங்களாகச் சொல்லிவந்தவர் அவர். இனி எல்லாம் முடிந்தது என்றே தூதர் நினைத்தார்.

பெருந்தேவியார் பழத்தைப் பிளக்கச் சொன்னார். பிளந்ததும் மருத்துவர் முகத்தை மூடிக்கொண்டு விலகினார். தேவியாரோ பிறர் தடுக்குமுன் மஞ்சட்சுளை ஒன்றை எடுத்துத் தம் வாயிலிட்டு, கண்ணை மூடி, நெடுநேரம் மென்றார். விழுங்கியபின் விரல்களைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளை இத்தனை நாள் கேட்டது இதைத்தானா? கதவைத் திறங்கள்" என்றார். சுளைகளைத் தட்டிலிட்டுத் தாமே ஏந்தி நடந்தார். வேல்கள் நிமிர்ந்து வழிவிட்டன. தூதர் வாளிலிருந்து கையை எடுத்துப் பின்தொடர்ந்தார்.

இடைகழியிலிருந்தே மணம் அறிந்து, ஒன்பது நாளாகத் தலை தூக்காத நாச்சியார் எழுந்து அமர்ந்தார். இரண்டு சுளை உண்டார், அவை தங்கின. மறுநாள் கஞ்சியும் தங்கியது. தாம் கருவுற்றிருந்த காலத்தில் பிறந்த நாட்டு ஆற்றுமீனுக்கு ஏங்கியும், கேட்க அஞ்சி வாய்மூடி இருந்ததாகப் பெருந்தேவியார் மருமகளாரிடம் கூறினார். பின்பு இருவரும் நெடும்பொழுது கைகோத்து இருந்ததைத் தூதர் கண்டு, ஓசையின்றி வெளியேறினார்.

இனி மன்னர் ஆணை: முள்நாறி கொண்டு வருபவரை எவ்வாயிலிலும் எவ்வேளையிலும் தடுத்தலாகாது, தடுப்பவர் பெருந்தேவியார் முன்பு நின்று மறுமொழி கூறக் கடவர். நாகங்கண்டனுக்கு எம் நாட்டுச் சந்தை அனைத்திலும் நடுவிடம் தரப்பட்டது. இவ்வோலை மலையும் கடலும் கடந்து பழுதின்றித் தங்கள் கைசேர்க. வரையாட்டு முத்திரை இட்டோம்.

முத்திரை காயுமுன் பெருந்தேவியார் சேர்க்கச் சொன்னது: அடுத்த கலத்தில் இரண்டு கூடை அனுப்புக. அவற்றுள் ஒன்று மருமகளாருக்கு.