அண்ணா, உன் பிஸ்கட் டின்னை எடுத்துவிட்டேன்

என் ஆசை அண்ணன் சவரிமுத்துவுக்கு,

திட்டாதே, நானே சொல்லிவிடுகிறேன். நீ போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் நேற்று உன் பாட்டுக்கு நம் வாசலில் ஆடிவிட்டேன்.

இந்தக் கிறிஸ்மஸுக்குப் பாட்டுக்கோஷ்டி பட்டப்பகலிலேயே நம் காஜா பெராங் தெருவுக்கு வந்துவிட்டது. இருட்டினால் விளக்கு ஏற்றக்கூடாது, ஜப்பான்காரன் உத்தரவு. ஊபி, ஊபி என்று மரவள்ளிக்கிழங்கையே தின்று எல்லோருக்கும் கால் வீங்கிக் கிடக்கிறது. ஆனாலும் தெருமுனையில் நீ கட்டிய துள்ளல் பாட்டு கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எந்த வேளையில் கட்டினாயோ! மாதா கோயிலில் சாமியாரே தாளம் போட்டாரே.

மருந்தில்லாமல் காய்ச்சலில் நீ போன நாளிலிருந்து அம்மா படுத்த படுக்கைதான். கஞ்சியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நீ தட்டிப் பாடும் பிஸ்கட் டின் அவள் கட்டிலுக்கடியில் இருந்தது, யாரும் தொடக்கூடாது. அவளும் உன் பின்னாலேயே வந்துவிடுவாளோ என்று எனக்கு ஒரே பயம், அண்ணா.

துக்க வீட்டின் முன் பாடுவதில்லை என்பது வழக்கமாம். நம் வேலியருகே வந்ததும் உன் சிநேகிதன் லாசர் கையை உயர்த்தினான். பாட்டு நின்றது. எல்லோரும் தலைகுனிந்து கடந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டைக் கட்டியவன் வீட்டுக்கே பாட்டு இல்லையா?

டின்னை இழுத்துக்கொண்டு ஓடினேன். "அடியே!" என்றாள் அம்மா. நான் நிற்கவில்லை.

"லாசரண்ணே, எங்க போறீங்க? இங்க பாடுங்க!"

"துக்க வீடும்மா..."

"அதனாலதான் சொல்றேன். பாடுங்க!"

அடித்தேன், ஆடினேன், அழுதேன். தலைமுறையாக மலாய் பேசியே தமிழை மறந்துவிட்ட எதிர்வீட்டுச் செட்டிப் பெண்கள்கூடக் கைதட்டினார்கள். நான் கேவலமாகத்தான் அடித்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

"நிறுத்துடி! என் புள்ள இப்படியா அடிப்பான்?"

கதவைப் பிடித்தபடி அம்மா! படியில் உட்கார்ந்து டின்னைப் பிடுங்கிக்கொண்டாள். "மூணாவது அடிய விட்டுட்டு நாலாவதுல ஓங்கிப் போடணும்" என்று அடித்துக் காட்டினாள். உன் அடியேதான், அண்ணா. "சத்தம் போடாதடா" என்று அடுப்படியிலிருந்து உன்னைத் திட்டிக்கொண்டேதானே இருப்பாள்? எப்போது கற்றாள்?

பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்கியது அவளுக்கு. என்னைப் பார்த்து, "பசிக்குதுடி" என்றாள்.

ஜப்பான்காரன் இருக்கட்டும், தொலையட்டும். அடுத்த கிறிஸ்மஸுக்கு டின்னோடு கோஷ்டிக்கு முன்னால் நான்தான் நடப்பேன். எந்தத் துக்க வீட்டையும் சும்மா கடக்க விடமாட்டேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் கால் நிற்காத
உன் தங்கை ரீத்தா