கூப்பிட வேண்டிய பெயர்

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு வெயில். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஏறவில்லை. கடைமடைக்காரனுக்கு எப்போதும் கடைசிதான்.

டி.வி. வந்துவிட்டது. அறுபத்தைந்து அங்குலம். செந்தில் சிங்கப்பூரில் இருந்தபடியே தஞ்சாவூர் கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறான். கூடவே டி.வி.க்கு அடியில் நீளமாக ஒரு ஸ்பீக்கர், கூடத்தின் நாலு மூலைக்கும் நாலு. பிறகு தேங்காய் அளவில் ஓர் உருண்டை. அதன் பெயர் நோரா. வாயால் சொன்னால் டி.வி. போடும், விளக்குப் போடும், போன் பண்ணும். அப்பா அம்மா படங்களைக் கழற்றிப் பீரோ மேல் வைத்தாயிற்று.

சரோஜா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். "சினிமாக் கொட்டாயயே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டானா?" இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள்.

நாலு பக்கச் சத்தம் எதற்கு என்று கேட்டாள். உதாரணம் சொன்னேன்: சாமி புறப்பாட்டில் நடுவில் நின்றால் மேளம் முன்னால், வேட்டு பின்னால், பிள்ளைகள் கூச்சல் பக்கத்தில். அப்படி. "அதுக்கு நான் கோயிலுக்கே போயிட்டு வந்துடுவேனே" என்றாள். பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

செப்டம்பர் 11, புதன்

செந்தில் வீடியோவில் வந்து அம்மாவுக்குப் பாடம் எடுத்தான். நல்ல மாணவி. டி.வி. ஆன், ஆஃப், சத்தம் கூட, குறைய, எல்லாம் வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் முடிவில் 'ம்மா' சேர்க்கிறாள். அது மெஷின், மரியாதை வேண்டாம் என்றான் செந்தில். வேலை சொல்கிறோமே, மரியாதையாய்ச் சொன்னால் என்ன குறைந்துபோகும் என்றாள்.

கடைசிப் பாடத்தில்தான் நின்றுவிட்டாள்.

"அப்பா வெளில போயிருக்கறப்ப ஏதாச்சும்னா, 'நோரா, கால் கோவிந்தராசன்'னு சொல்லுங்கம்மா. அப்பா போன் அடிக்கும்."

"என் காலுதான் போயிடுச்சே, இன்னும் என்ன காலு" என்றாள். சொல்லவில்லை. இன்னொரு முறை கேட்டான். அடுப்பில் பால் என்று சமையலறைக்குப் போனாள். அடுப்பில் பால் இல்லை. சிங்கப்பூரிலிருந்தபடி செந்திலே சொல்லிப் பார்த்தான். என் போன் அடித்தது. "ஓக்கேப்பா" என்று முடித்துக்கொண்டான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. நேரில் 'ஏங்க'. மற்றவர்களிடம் 'இவங்க'. அர்ச்சனைக்குக் குருக்கள் பெயர் கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். சென்சஸ்காரர் வந்தபோது சின்னப் பையனாக இருந்த செந்திலைச் சொல்ல வைத்தாள். திருக்கடையூரில் எங்கள் அறுபதாம் கல்யாணத்திலும் அப்படித்தான்.

செய்ய வேண்டியவை: எரிவாயுக் குழாய்க்கு எதிரான மனு ஜெராக்ஸ். ச.வுக்குச் சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை. நோராவில் என் பெயரை 'ஏங்க' என்று மாற்றச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 13, வெள்ளி

நம் மூன்று மா வயலிலும், மொத்தமே ஒரு ஏக்கர், மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். எரிவாயுக் குழாய் போகும் வழி இதுதானாம். கேட்காமல் நட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் வந்து பார்த்தார்கள். குழாய்க்குக் கையெழுத்துப் போட்டது அந்தக் கட்சிதான் என்று ஒருவர் மற்றவரைக் காட்டினார். இருவரும் என் மாணவர்கள். இருவருமே அப்போதும் இப்படித்தான்.

செவ்வாயன்று திருவாரூரில் அதிகாரிகளோடு அமைதிப் பேச்சு. மனு எழுதியவன் நான், அதனால் நான் வர வேண்டுமாம். ச.வைத் தனியே விட யோசனை. "போயிட்டு வாங்க, அதான் தேங்கா இருக்குல்ல" என்றாள்.

செ.விடம் பெயர் விஷயம் சொன்னேன். சிரித்தான். சனிக்கிழமை அங்கிருந்தே மாற்றுகிறேன் என்றான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மழை இல்லை. செ.வுக்கு நேற்று ஆபீஸ் வேலையாம். ச. காலையிலிருந்து பழைய பாட்டு போட்டுக் கேட்டாள். "பக்கத்துல நின்னு பாடறாப்புல இருக்குங்க."

செப்டம்பர் 18, புதன். தஞ்சாவூர், ஆஸ்பத்திரி

நேற்று விழுந்துவிட்டாள். கொல்லை வாசற்படியில் வாக்கர் தட்டி. மண்டையில் அடி.

எழுத வேண்டும். எழுதாவிட்டால் இதே சுற்றிக்கொண்டிருக்கும்.

தெரு முழுக்க எங்களோடு வேனில் திருவாரூர் வந்துவிட்டது. பேச்சு இழுத்தது, பிறகு தள்ளிவைத்தார்கள். வெளியே வந்து எல்லோரும் டீ குடித்தோம். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். அழைப்பு எதுவும் இல்லை. நிம்மதியாக இன்னொரு டீ குடித்தேன்.

சாயங்காலம் பாத்திரம் தேய்க்க வந்த பாக்கியம்தான் பார்த்து எனக்குப் போன் பண்ணினாள்.

நான் வந்து சேர்ந்ததும் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். சரோஜா நினைவோடுதான் இருந்தாள்.

"அதுகிட்ட சொன்னேங்க. டி.வி.ய நிறுத்தும்மான்னேன், நிறுத்திச்சு. வெளக்குப் போடும்மான்னேன், போட்டுச்சு. கால் ஏங்கன்னு சொன்னேன். அப்படி யாரும் இல்லேன்னுடுச்சு. கால் இவங்கன்னேன். கால் வாத்தியாருன்னேன். சாரி சாரின்னே சொல்லிக்கிட்டிருந்துச்சு."

செந்திலைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன். அவ்வளவு தூரத்தில் பிள்ளை பயந்துவிடுவான் என்றாள்.

"பேரச் சொல்லியிருக்கலாமே, சரோஜா."

"வாய் வரைக்கும் வந்துச்சுங்க."

உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுவதால் உள்ளே ரத்தம் கசிகிறதாம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

செப்டம்பர் 19, வியாழன்

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். உள்ளே நுழைந்ததும் டி.வி. மணி அடித்தது. எதையோ அழுத்தினேன். திரையில் செந்தில் வந்தான். விமான நிலையத்தில் நிற்கிறான், டிக்கெட் கிடைக்கவில்லை. "பேர மாத்தச் சொன்னீங்கப்பா. நான்தான் விட்டுட்டேன்" என்றான். அறுபத்தைந்து அங்குலத்தில் என் மகன் அழுதான். நாலு மூலையிலிருந்தும் கேட்டது. சத்தத்தைக் குறைக்கத் தெரியவில்லை. இவ்வளவு பக்கத்தில் அவன் முகத்தை நான் பார்த்து எத்தனையோ வருஷம். பிளக்கைப் பிடுங்கினேன்.

வயலில் மெஷின் இறங்கிவிட்டது என்று சொல்ல நாலு பேர் வந்தார்கள். சரி என்றேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஆஸ்பத்திரிக் காபி வெந்நீர்.

நினைவு சரியாக இருக்கிறதா என்று நர்ஸ் வேளைக்கு ஒருமுறை கேள்வி கேட்கிறார். இது எந்த ஊர்? தஞ்சாவூர். என்ன கிழமை? வெள்ளி. உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?

நர்ஸ் பேனாவோடு நின்றார். சரோஜாவுக்குக் கழுத்துவரை வெட்கம். முகவாயால் என்னைக் காட்டினாள்.

"அவங்களையே கேட்டுக்கம்மா."

நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அப்படியேதான் இருக்கிறாள்.

செ. நாளை இரவு வந்துவிடுவான். சார்ஜர் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 21, சனி

விடியற்காலையில் வாந்தி. மறுபடி ஸ்கேன். மறுபடி கசிவு. ஆபரேஷன் தாங்க மாட்டாள் என்கிறார்கள். பொறுத்துப் பார்ப்போமாம். பொறுமை எனக்குப் பழக்கம். நாலு தடவை பெயிலான பையனோடும் உட்கார்ந்திருக்கிறேன். அது வேறு.

செப்டம்பர் 22, ஞாயிறு

மழை. நல்ல மழை.

செந்தில் வந்துவிட்டான். மாத்திரை வாங்கக் கீழே போயிருக்கிறான்.

காலையில் கண் திறந்தாள். நர்ஸ் குனிந்து, இது எந்த ஊர் என்று கேட்டார். பதில் இல்லை. கிழமை. பதில் இல்லை. அந்த மூன்றாவது கேள்வி வேண்டாம், அவள் சொல்லமாட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கேட்டுவிட்டார்.

"கோவிந்தராசன்" என்றாள்.

கணீரென்று. வகுப்பில் எழுந்து நின்று சொல்வது போல.

"பேரச் சொல்லிட்டாங்க சார்" என்று நர்ஸ் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார்.

சரோஜா என்னைப் பார்த்தாள். தலையணையில் தலையைக் கொஞ்சம் நகர்த்தி, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவரு வெளில போயிருக்காரு. வந்துடுவாரு. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன்.