நாற்பத்திரண்டு விரல்கள்

மார்ச் 3
தேர்தல் வேலைக்கு என் பெயரும் வந்துவிட்டது. வரிப் பிரிவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியதற்குப் பரிசு: மை வைக்கிற மேஜை. ஒவ்வொருவர் விரலையும் பிடித்து, நகமும் தோலும் சேருகிற இடத்தில் கோடு இழுக்க வேண்டும். பிடிக்காமல் வைத்தால் மை நிற்காது என்று பயிற்சியில் மூன்று தடவை சொன்னார்கள்.

ஊரே ஒன்றைத்தான் பேசுகிறது. நகராட்சித் தலைவர் பதவிக்கு, ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதல்முறையாக ஒரு தையல்காரி நிற்கிறாள்.

மார்ச் 9
மகளோடு சண்டை. தையல்காரிக்குத்தான் ஓட்டாம். "போட்டுக்கோ, யார் வேண்டாம்னா? நாளைக்கு அவ நம்ம வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்தா?" என்றேன். "உட்காரட்டுமே. சோபா என்ன கரைஞ்சா போயிடும்?" என்றாள். வாய்!

எனக்கா வெறுப்பு? யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லையே. விலகி இருப்பேன், அவ்வளவுதான்.

மார்ச் 14
ஓட்டுப்பதிவு முடிந்தது. இடுப்பு கழன்றுவிட்டது.

மார்ச் 15
நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். காலையில் அந்தப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து வந்தார்கள். முன்னால் மூட்டை தூக்குகிற பெரியவர். கையை நீட்டினார். சாக்கடை அள்ளுகிற வம்சம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு — என் கை எழவே இல்லை. மைப் பாட்டிலை அவர் பக்கம் தள்ளி, "நீங்களே வச்சுக்குங்க" என்றேன். விரல் நுனியில் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டு போனார். அடுத்தவருக்கும் அப்படியே. எண்ணிக்கொண்டேதான் இருந்தேன், நாற்பத்திரண்டு பேர். மற்றவர்கள் விரலையெல்லாம் பிடித்துத்தான் வைத்தேன்.

மார்ச் 17
பதினொரு ஓட்டில் தையல்காரி ஜெயித்துவிட்டாள்! இந்த ஊரில் இப்படி நடந்ததே இல்லை. ஆனால் சாயங்காலமே தோற்ற கட்சி புகார் கொடுத்துவிட்டது. எங்கள் சாவடியில் ஓட்டுப் போட்ட அந்தப் பக்கத்து ஆட்கள் விரலில் மையே இல்லையாம். அழித்துவிட்டு வேறு பேரில் மறுபடி போட்டார்களாம். பதவியேற்பு நின்றுபோயிருக்கிறது.

மை ஏன் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 18
"அந்தக் கூட்டத்துக்குத் திருட்டுப் புத்தி எங்கே போகும்?" என்றார் மளிகைக் கடைக்காரர். தலையாட்டினேன். ஐயோ, நான் தலையாட்டினேனே!

மார்ச் 20
நாளை விசாரணை. எங்கள் மேலாளர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் சரியாத்தான் வச்சேன், அவங்கதான் அழிச்சிருப்பாங்கன்னு சொல்லிடுங்கம்மா. ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம்தானே இருக்கு?"

சொன்னால் நான் பிழைத்தேன். நாற்பத்திரண்டு பேரும் திருடர்கள் ஆவார்கள். அந்தம்மா பதவியும் போச்சு.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டித் தொலைச்சிருக்கலாம்டி.

மார்ச் 21
சொல்லிவிட்டேன். "ஏன் அவங்ககிட்ட மட்டும் பாட்டிலைக் கொடுத்தீங்க?" என்று அதிகாரி கேட்டார். பின் வரிசையில் தையல்காரம்மாவும் அந்தப் பெரியவரும் இருந்தார்கள்.

"தொடப் பிடிக்கலை சார்."

எழுதிக் கையெழுத்தும் போட்டேன். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 26
புகார் தள்ளுபடி. வாக்காளர் கையெழுத்துகளையும் சரிபார்த்தார்களாம், ஒரு கள்ள ஓட்டுகூடக் கிடையாது. எனக்குத் தற்காலிகப் பணிநீக்கம். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மார்ச் 28
இன்று பதவியேற்பு. நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

தெருமுனையில் பெரியவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தார். நழுவப் பார்த்தேன், முடியவில்லை. கிட்டே போய், "என்னை மன்னிச்சிடுங்க ஐயா" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கு வீட்டுக்குப் போய் எல்லார்கிட்டயும் சொன்னேம்மா. ஆபீசர் அம்மா நம்மளை நம்பி பாட்டிலையே கையில குடுத்துட்டாங்க, இவ்வளவு மரியாதையா நம்மளை யாரும் நடத்தினதில்லைன்னு."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.