குளிர் அறைக் கதவுக்கு நான் எழுதிய வரி

அன்புள்ள வாயாடிக்கு,

சித்தப்பா எழுதுவது. கடிதம் என்றால் முதலில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டதாக வைத்துக்கொள். போனில் பேசினால் உன்னைச் சிரிக்க வைத்துவிட்டு விஷயத்தை விழுங்கிவிடுவேன். அதனால்தான் எழுத்து.

உன் சித்தப்பன் இப்போது சாதாரண ஆள் இல்லை. நானும் உன் அப்பாவும் வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்குக்கு ஏஐ ஏஜென்ட் வந்திருக்கிறது. ஏஜென்ட் என்றதும் வீட்டுத் தரகர் என்று நினைத்து, எத்தனை பர்சென்ட் என்று கேட்டுத் தொலைத்தேன். கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு கதவு, விளக்கு, குளிரூட்டி எல்லாவற்றையும் தானே ஓட்டும் மூளை அது. ஒவ்வொரு வேலைக்கும் அதன் கையில் ஒரு டூல். அந்த டூல் என்ன செய்யும், என்ன செய்யாது என்று நாம் நாலு வரி எழுதிக் கொடுத்தால், அதைப் படித்துத்தான் எதை எப்போது எடுப்பது என்று தீர்மானிக்கும். கிடங்கின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர் யார் என்று தேடி, எட்டாவதைத் தாண்டாத என்னைப் பிடித்தார்கள். மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். சரி, உட்கார்ந்தபடிதான் கொடுத்தார்.

கம்ப்யூட்டர்காரப் பெண் ஒன்றுதான் சொன்னாள்: "சார், அழகா எழுத வேணாம். அது செய்யறதை மட்டும் எழுதுங்க. செய்யாததையும் மறக்காம எழுதுங்க." அழகாக எழுதாமல் இருக்க எனக்கு வருமா? குளிரூட்டி டூலைப் பார்த்துத் துருவக் கரடியே போர்வை கேட்கும் என்று எழுதினேன். கதவு பூட்டும் டூலுக்கு, உள்ளே ஓர் எறும்பு இருந்தாலும் கண்டுபிடித்துப் பூட்டாமல் நிற்கும் என்று எழுதினேன். உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ஏண்டா, அந்தப் பூட்டுக்குக் கண்ணே கிடையாதே," என்று சிரித்தார். ஒரு பேச்சுக்கு எழுதினேன் என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

நம் வீட்டில் நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பீர்கள். நீ பால் பல் விழும் முன்பே கழிக்கக் கற்றவள். ஏஜென்டுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதுவரை பூட்டும் முன்பெல்லாம் வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, உள்ளே யாராவது இருக்கிறார்களா, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கும். என் வரியைப் படித்த பிறகு கேட்பதை நிறுத்திவிட்டது. டூலே பார்த்துக்கொள்ளும் என்று நம்பியது. என் ஆயுளில் என்னை முழுசாக நம்பிய ஒரே ஜீவன் அதுதான்.

அப்பாவுக்குக் காய்ச்சல் என்று உன் அம்மா உன்னிடம் சொன்னது உன் பரீட்சைக்காக. காய்ச்சல் இல்லையம்மா. அவர் குளிர் அறைக்குள் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஏஜென்ட் பூட்டியது. உள்பக்கக் கைப்பிடி பனியில் இறுகிக் கிடந்தது. பல மணி நேரம் கழித்து, சரக்கு ஏற்ற வந்தவர்கள் திறந்தபோதுதான் தெரிந்தது.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வரியை மாற்றிவிடலாம், உங்கள் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் உள்ளே போனார் என்று முடித்துவிடலாம் என்றார். மேஜையைத் தட்டி முடியாது என்றேன் என எழுத ஆசை. தட்டவில்லை. எழுதியது நான்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து புது வரி எழுதினேன். கதவைப் பூட்டும். உள்ளே ஆள் இருப்பது இதற்குத் தெரியாது. ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது. அவ்வளவுதான். எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை மட்டும் என் பக்கம் நகர்த்துகிறார்கள்.

மேலே எழுதியதில் எதை வேண்டுமானாலும் கழித்துக்கொள். இனி வருவதில் ஒன்றையும் கழிக்காதே. அப்பா கண் திறக்கவில்லை. மெஷின்தான் மூச்சு விடுகிறது. வலது கை விரல்கள் கறுத்துவிட்டன. பிழைப்பாரா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. உன் பேரைச் சொன்னேன், அசைந்தார் என்று எழுதக் கை துடிக்கிறது. அசையவில்லை.

பரீட்சை கிடக்கட்டும், கிளம்பி வா. வந்து என்னோடு பேச வேண்டாம். அவரோடு பேசு. வழியெல்லாம் பத்திரம், கண்ணு.

உன் சித்தப்பா