எல்லோருக்கும் வதினா

நவம்பர் 9
தோழி சுவர்ணா இழுத்துக்கொண்டு போனதால் மாட்னி ஷோ. கதாநாயகன் கதாநாயகியின் ஹாஸ்டல் வாசலில் மழையில் நின்றான், கையைக் கீறிக்கொண்டான், அவள் போகும் பஸ்ஸை மறித்தான். அவள் அறைந்தாள். காக்கிநாடாவே எழுந்து விசிலடித்ததுபோல் இருந்தது. அறைந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தமாம். இடைவேளைக்குப் பிறகு அவளே தேடிப்போய் அழுதாள். சுவர்ணாவும் மூக்கைச் சிந்தினாள். எனக்கு ஏனோ முதல் பாதியில் அந்தப் பெண் சொன்ன "வேண்டாம்" மட்டும் காதிலேயே நின்றது.

நவம்பர் 14
ரீசார்ஜ் கடை துர்காபாபு இன்றும் பின்னால் வந்தான். எங்கள் தெருமுனையிலிருந்து பேங்க் பரீட்சை கோச்சிங் வகுப்பு வரை. அவன் பேசுவதில்லை, கூட்டாளிகள்தான் பேசுகிறார்கள். "வதினா, அண்ணன் ரெண்டு நாளா சாப்பிடல. நீங்க சிரிச்சாத்தான் இட்லி உள்ள போகுமாம்!" இங்கே ஒருவன் ஒரு பெண்ணைக் குறித்துவைத்துவிட்டால், அவன் கூட்டத்துக்கெல்லாம் அவள் வதினா, அதாவது அண்ணி. பிறகு வேறு எவனும் அவளை ஏறெடுத்துப் பார்க்கக் கூடாது. அவளைக் கேட்க வேண்டியதில்லை.

நவம்பர் 15
கரும்புச்சாறு பிழிகிறவரும் வதினா என்கிறார்.

நவம்பர் 21
வகுப்பில் என் பெஞ்சின் மறுமுனை வம்சிதருடையது. கணக்கில் புலி, இங்கிலீஷ் என்றால் வியர்த்துவிடும். அதை நான் சொல்லித்தருகிறேன், கணக்கை அவன். இன்று பெசரட்டு வாங்கிவந்து, இஞ்சிச் சட்னியை என் பக்கம் தள்ளிவிட்டு, "பரீட்சைக்கு விசாகப்பட்டினம் சேர்ந்தே போலாமா, லோவா? ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான்" என்றான். தலையாட்டினேன். பரீட்சை முடிந்ததும் சொல்லிவிட வேண்டும். என்ன சொல்வது? தெரியும். எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 28
துர்காபாபு கையில் 'லோவா' என்று என் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறான். "பயமா இருக்குடி" என்றேன் சுவர்ணாவிடம்.
"லூசு! உனக்காக ரத்தம் சிந்தியிருக்கான். எனக்கு ஒரு நாய்கூடப் பின்னால வரல, தெரியுமா?"

டிசம்பர் 3
வம்சி பெஞ்சு மாறிவிட்டான். மாடிப்படியில் மறித்துக் கேட்டேன். நானா மறித்தேன்?
"துர்காபாபு எங்க வீட்டுக்கு வந்தான்."
"அடிச்சானா?"
"அடிச்சிருந்தாப் பரவால்ல. எங்கம்மா கால்ல விழுந்து அழுதான். நீங்க இல்லன்னா செத்துருவானாம். அம்மாவும் அழுதுட்டாங்க. அப்படி உசுரையே வச்சிருக்கவனுக்குக் குறுக்க நான் எப்படி..."
"என்னை யாராவது கேட்டீங்களா?"
படியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மன்னிச்சிருங்க, வதினா."
நீயுமா. நீ கூடவாடா.

டிசம்பர் 4
வகுப்புக்குப் போகவில்லை.

டிசம்பர் 6
அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "ஒரு ஆம்பள இப்படி அழறான். இன்னும் என்னடி வேணும் உனக்கு?"
வேலை வேணும்மா. வம்சி வேணும். இரண்டையும் சொல்லவில்லை. வீட்டின் முதல் பட்டதாரிக்கு வாயில் கொழுக்கட்டை.
ஹார்பரில் மூட்டை இறக்கிவிட்டு வந்த அப்பா, துண்டை உதறிப் போட்டார். "அதுக்குப் புடிக்கல, மூஞ்சியப் பாத்தாத் தெரியல? பரீட்சைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

டிசம்பர் 17
பரீட்சை எழுதிவிட்டேன். கணக்கு முழுக்க வம்சி சொல்லித்தந்த வழியில்தான். அவனும் அதே ரயிலில், வேறு பெட்டியில். துனி ஸ்டேஷனில் டீ வாங்க இறங்கினவன், ஜன்னலில் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். மரியாதையாக. அதற்குப் பதில் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 20
வேலை கிடைத்துவிட்டது. சுவர்ணா போனில் கத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "துர்காபாபு இப்ப நர்சிங் படிக்கிற பொண்ணு பின்னால சுத்துறான்டி. கடைக்காரங்களுக்கெல்லாம் அவதான் வதினா." வம்சிக்கு நிச்சயமாம். மாமன் மகள்.
நல்ல பெண்ணாக இருக்கட்டும்.

ஜூலை 2, விஜயநகரம்
மதியம் பேங்க் சாப்பாட்டு அறையில் தனியாக இருந்தேன். மாற்றலாகி வந்திருக்கும் காசாளர் டிபன் டப்பாவோடு வந்து நின்று, "இங்க உக்காரலாமாங்க?" என்றார். வாய் திறந்தேன்; சத்தம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "சரி, பரவால்லங்க" என்று வேறு மேசைக்குப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கேட்பதும், பதில் வராவிட்டால் விலகிப்போவதும் இவ்வளவு சுலபமா?
கை கழுவுமிடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, அப்படி அழுதேன்.